‘ஏக்’ என்றால் நான்

யோருன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவளுடைய அம்மா பல் மருத்துவரைப் பார்க்கப் பால் வண்டியில் ஏறி நகரத்துக்குப் போனாள், திரும்பி வரவில்லை. மலைச்சரிவிலிருந்து இறங்கிய பனி, வண்டியைச் சுருட்டிக் கடலிடுக்கில் தள்ளிவிட்டது. அடக்கத்தன்று போதகர், ஆண்டவன் சித்தம் என்றார். அதிகம் பேசாத மனிதரான யோருனின் அப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி, "மலையைக் குடைஞ்சு பாதை போட்டிருந்தா ஆண்டவன் சித்தம் மாறியிருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர் தேவாலயத்தில் கால் வைக்கவில்லை. மலையையும் யாரும் குடையவில்லை.

ஆசிரியர் பயிற்சிக்காக யோருன் பெர்கன் நகரத்துக்குப் போனாள். அங்கே அவள் வாயைத் திறந்தாலே சிரிப்பு. "ஸ்ட்ரீல் வந்தாச்சு, சன்னலைத் திறங்கப்பா, மீன் நாத்தம்" என்பான் ஒருவன். கரையோரத்து ஆட்களுக்கு நகரத்தார் வைத்த பட்டப்பெயர் அது. பேச்சை மாற்ற அவளுக்கு நாக்கு வரவில்லை. எழுத்தை மாற்றிக்கொண்டாள்.

நார்வேயில் ஒரே மொழியை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். மேற்குக்கரை உழவரும் மீனவரும் பேசும் பேச்சிலிருந்து எழுந்தது ஒன்று. டேனிஷ் அரசன் ஆண்ட காலத்து அலுவலக எழுத்தின் வாரிசு மற்றது. சட்டத்தின் முன் இரண்டும் சமம். சட்டப் புத்தகத்தில் சமமாக இல்லாதது எது? ‘நான்’ என்பதை யோருனின் ஊரில் ‘ஏக்’ என்று எழுதுவார்கள். நகரத்தில் ‘யெய்’. பயிற்சி முடியும்வரை யோருன் தாள் தாளாக ‘யெய்’ எழுதினாள். ஊருக்குத் திரும்பி, கரும்பலகையில் முதல் நாள் ‘ஏக்’ என்று எழுதியபோது, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

பிறகு அவள் எங்கும் போகவில்லை. மீன் பண்ணையில் வேலை பார்க்கும் ஸ்டைனாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பள்ளி மரத்தால் ஆனது. பிள்ளைகள் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு வகுப்பில் உட்காருவார்கள். மதியம் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும். எல்லா வகுப்புக்கும் சேர்த்து ஒரே அறை. கடைசி ஆண்டுகளில் அந்த ஓர் அறையே பெரிதாகத் தெரிந்தது.

ஏழாம் வகுப்பில் எல்ட்ரிட் மட்டும் இருந்தாள். வகுப்பின் முதல் மாணவி அவள். கடைசி மாணவியும் அவள்தான். "நான் தூங்கினா வகுப்பே தூங்குது யோருன்" என்பாள். அந்த நாட்டில் ஆசிரியரையும் அமைச்சரையும் பெயர் சொல்லி ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். சமத்துவம் அந்த அளவில் நின்றுவிடும் இடங்களும் உண்டு.

அதனால்தான் ‘கூட்டுமேசை’ வந்தபோது யோருன் மகிழ்ந்தாள். நகராட்சி தன் பள்ளிகளுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்த இணையத் தளம் அது. தொலைவில் இருக்கும் இரண்டு பள்ளிகளின் பிள்ளைகள் ஒரே பக்கத்தில், ஒரே நேரத்தில் சேர்ந்து எழுதலாம். ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். யோருனின் பள்ளிக்கு, அதே தளத்தை வாங்கியிருந்த, தலைநகருக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்று இணையாக அமைந்தது. எல்ட்ரிடுக்கு நீல நிறம் கிடைத்தது. முதல் நாளே பச்சை, மஞ்சள், ஊதா எல்லாம் அவளை விசாரித்தன. மதிய உணவைத் தின்ன மறந்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்க ஊர்ல ஓநாய் இருக்கான்னு கேக்குறாங்க."

"என்ன சொன்ன?"

"இருக்கு, அஞ்சாம் வகுப்புல ரெண்டு உக்காந்திருக்குன்னு சொன்னேன்."

யோருன் அன்று சமையலறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஸ்டைனார் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "நல்லது. கம்பி வழியா எல்லாம் வந்துடும்னா, உங்க பள்ளிக்கூடத்தைக் கம்பி வழியாவே எடுத்துட்டும் போயிடுவாங்க, பாத்துக்க" என்றான். எதிலும் இருட்டைத் தேடுகிறவன் என்று அவள் அவனைத் திட்டினாள்.

வசந்தகாலத்தில் கூட்டுக் கட்டுரை. தலைப்பு, ‘எங்கள் பாதை’. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மிதிவண்டித் தடம் பற்றி நாலு வரி எழுதினார்கள். எல்ட்ரிட் மலைச்சரிவுப் பாதை பற்றி எழுதினாள். பனி இறங்குமுன் சரிவில் என்ன தெரியும், அந்தப் பாதையில் போன வண்டிகளில் எவை வரவில்லை, ஏன் இன்றுவரை மலையைக் குடையவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினாள். எழுதுமுன் யோருனிடம் வந்து கேட்டாள்.

"உன் அம்மாவைப் பத்தி எழுதலாமா?"

"எழுதேன். அதுவும் அந்தப் பாதையிலதான நடந்துச்சு."

எல்லாம் நீலம். படித்து முடித்ததும் யோருன் எழுந்துபோய்ச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பக்கத்து ஆசிரியர் ஹென்னிங் தன் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லியிருந்தான்: பக்கத்தில் சிவப்புக் கோடு ஒன்றாவது இருக்கும்வரை ஒப்படைக்கக் கூடாது. அவர்களுடைய எழுத்துப்பிழை திருத்தியோ நகரத்து எழுத்துக்குப் பழக்கப்பட்டது. ‘ஏக்’ அதன் கணக்கில் பிழை. எல்ட்ரிட் எழுதும் ‘இல்லை’யும் பிழை, ‘என்ன’வும் பிழை. எல்ட்ரிடின் கட்டுரை முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது. நல்ல பிள்ளைகள், சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். பச்சையும் மஞ்சளுமாக உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொடுக்கித் திருத்தினார்கள், பிறகு ஒப்படைத்தார்கள். ஒப்படைத்ததும் பக்கம் பூட்டிக்கொண்டது.

ஒரு சொல்லைக் கடைசியாகத் தொட்டவர் யாரோ அவருடையதே அந்தச் சொல் என்பது கூட்டுமேசையின் கணக்கு. மறுநாள் எல்ட்ரிட் திறந்தபோது கட்டுரை பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது. இரண்டு எழுத்துக்கும் பொதுவான சொற்கள் மட்டும் நீலமாகத் தப்பியிருந்தன. ‘பாதை’ போய்விட்டது. ‘பனி’ இருந்தது. ‘அம்மா’ இருந்தது.

"இது நான் எழுதினதுதானே?" என்றாள் எல்ட்ரிட்.

"நீதான் எழுதின. எல்லாருக்கும் தெரியும்."

"மேசைக்குத் தெரியலையே."

யோருன் ஹென்னிங்கிடம் பேசினாள். கோபமாகப் பேசவில்லை, அந்தக் கரையில் சண்டை போடுவதைவிடப் பல் பிடுங்கிக்கொள்வார்கள். திரையில் அவன் முகம் உண்மையாகவே வருத்தப்பட்டது.

"அய்யோ யோருன், மன்னிச்சுக்க. எனக்குத் தோணவே இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இப்படிப் படிக்க எல்லாருக்கும் சுலபமா இருக்குல்ல?"

‘யாருக்குச் சுலபம்?’ என்ற கேள்வி அவள் தொண்டைவரை வந்தது. பெர்கனில் சன்னலைத் திறக்கச் சொன்னவனின் குரல் எங்கிருந்தோ கேட்டது. "பரவாயில்ல" என்றாள்.

இலையுதிர் காலத்தில் நகராட்சியின் அறிக்கை வந்தது. சிறு பள்ளிகளில் எதை மூடலாம் என்று முடிவெடுக்கக் கூட்டம் போட்டார்கள், அதுவும் யோருனின் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலேயே. பெற்றோர்கள் வாஃபிள் அப்பம் சுட்டுக் காப்பி வைத்திருந்தார்கள். தங்களைத் தூக்கில் போட வந்தவர்களுக்கும் அந்த ஊர்க்காரர்கள் வாஃபிள் சுடுவார்கள். கல்வி அலுவலர் விபெக்கெ திரையில் வண்ணத் தூண்களைக் காட்டினாள். கூட்டுமேசைக் கணக்குப்படி, கூட்டு வேலையில் இந்தப் பள்ளியின் பங்கு எட்டு விழுக்காடு.

"பிள்ளைங்க இங்க தனிமையில சுருங்கிப் போறாங்க. இது நான் சொல்லல, எண்ணு சொல்லுது" என்றாள்.

யோருன் எழுந்தாள். இம்முறை ‘பரவாயில்ல’ என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். கணினியை இணைத்து, அந்தக் கட்டுரை உருவான விதத்தைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டாள். வெற்றுப் பக்கத்தில் நீல எழுத்துகள் வரிவரியாக நிறைந்தன. பாதை, சரிவு, பால் வண்டி. பிறகு பச்சையும் மஞ்சளும் புகுந்து, பொருளில் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், சொல்லுக்குச் சொல் உடுப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போயின. கடைசி வரிசையில் எல்ட்ரிட் தன் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் எட்டு விழுக்காட்டை எப்படிச் செஞ்சாங்கன்னு பாத்தியா விபெக்கெ?" என்றாள் யோருன்.

"பாத்தேன். ஒரு கட்டுரையில அப்படி ஆயிருக்கலாம்."

"எல்லாக் கட்டுரையையும் ஓட்டிக் காட்டவா?"

நகராட்சி மன்றத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நன்றி யோருன். ரொம்ப உணர்ச்சிகரமாச் சொன்ன."

"எதை உணர்ச்சிங்குற? அவ காட்டுனதும் நான் காட்டுனதும் ஒரே மேசையோட கணக்கு. அவளோடது எண்ணு, என்னோடது உணர்ச்சியா?"

தலைவர் அடுத்த தாளைப் புரட்டினார். அவள் விடவில்லை. "சரி, பள்ளியை மூடினா பிள்ளைங்க அந்தச் சரிவு வழியாத்தான் பஸ்ல போகணும். பனிக்காலத்துல பாதை மூடுற நாள்ல என்ன செய்வாங்க?"

"அதுக்குத்தான் கூட்டுமேசை இருக்கே. வீட்டுலேருந்தே படிச்சுக்கலாம்" என்றாள் விபெக்கெ.

"வீட்டுலேருந்து படிக்க அது போதும்னா, இந்தப் பள்ளியிலேருந்து படிக்க ஏன் போதாது?"

ஸ்டைனார் மட்டும் பின்னாலிருந்து ஒருமுறை கைதட்டினான். கைகள் உயர்ந்தன, எண்ணினார்கள், பள்ளி மூடப்பட்டது. போகும்போது விபெக்கெ வாஃபிள் நன்றாக இருந்ததாகச் சொன்னாள்.

இயந்திரத்துக்கு என்ன தெரியும் என்பார்கள். யாருடைய பேச்சு பிழை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது அதை நன்றாகவே படித்திருந்தது.

யோருனுக்கு நகரத்துப் பெரிய பள்ளியில் வேலை கொடுத்தார்கள். வகுப்பு இல்லை. கூட்டுமேசையில் தடுமாறும் ஆசிரியர்களுக்கு உதவுவது அவள் வேலை. அவள் கையெழுத்துப் போடுமுன் ஸ்டைனார், "வேணாம்னு சொல்லேன்" என்றான். "பிள்ளைங்க போற பஸ்ல பெரியவங்க ஒருத்தர் இருக்கணும்" என்றாள். காலையில் அவர்களோடு ஏறுவாள், மாலையில் அவர்களோடு திரும்புவாள். சரிவைக் கடக்கும்வரை கண்ணாடியில் நெற்றியை ஒட்டி மேலேயே பார்த்துக்கொண்டிருப்பாள்.

குளிர் தொடங்கிய ஒரு நாள், பள்ளியில் ஏதோ பழுது பார்க்கக் கூட்டுமேசையைத் திறந்தபோது எல்ட்ரிடின் பக்கம் கண்ணில் பட்டது. எட்டாம் வகுப்புக் கூட்டுக் கட்டுரை. பாதிக்குமேல் நீலம். சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. முதல் வரியின் முதல் சொல் ‘யெய்’.

மாலை பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"யாராவது மாத்தி எழுதச் சொன்னாங்களா எல்ட்ரிட்?"

"இல்லையே."

"பின்ன ஏன்?"

எல்ட்ரிட் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "எப்படியும் மாத்திடுவாங்க யோருன். நானே மாத்திட்டா, எம் பேர்லயாவது இருக்கும்ல?"

அவள் குரலில் குறை இல்லை. கணக்குச் சரியாகப் போட்ட பிள்ளையின் குரல். யோருனும் அதே கணக்கைத்தான் பெர்கனில் போட்டாள். விடை தவறு என்று அவளால் அன்றும் காட்ட முடியவில்லை, இன்றும் முடியவில்லை. பஸ் வேகத்தைக் குறைத்தது. சரிவு வந்துவிட்டது. யோருன் வழக்கம்போல மேலே பார்த்தாள். பக்கத்தில் எல்ட்ரிட் செல்பேசியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பனி தூவத் தொடங்கியிருந்தது.