உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்

நாமக்கல்லில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்த காலம். ராசிபுரத்தில் என் அக்காவின் கணவர் தறிக்கு ஒரு புதுக் கருவி செய்திருந்தார். சாதாரணத் தறியில் நெய்த துணியைச் சுற்ற அடிக்கடி வேலையை நிறுத்த வேண்டும். மச்சானுடைய தறியில் பலகை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ஒரு பல்சக்கரம் நகர்ந்து துணியைத் தானே சுற்றிக்கொள்ளும். இதற்குப் பேட்டன்ட் வாங்கித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார். வக்கீல் பேட்டன்ட் ஆபீஸ் இருந்த கல்கத்தாவிலிருந்து விதிப் புத்தகத்தை வரவழைத்துத் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் புரட்டியவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விண்ணப்பம் கொடுக்கும் முன்பே கருவியை ஊரறியக் காட்டிவிட்டால் அது புதியது ஆகாதாம், உரிமையும் கிடைக்காதாம். அன்றைக்குத்தான் மச்சான் குமாரபாளையத்து நெசவாளர்களையெல்லாம் அழைத்திருந்தார்!

வக்கீலின் சைக்கிளை எடுத்து மிதித்தேன். புதன்சந்தை அருகே சங்கிலி கழன்றது. அதை மாட்டிவிட்டு மறுபடியும் மிதித்தேன். போய்ச் சேர்ந்தபோது வாசல் நிறையச் செருப்புகள். உள்ளே மச்சான் தறியில் உட்கார்ந்து, கருவியை மூடியிருந்த வேட்டியில் கை வைத்துவிட்டார்.

"மச்சான், எடுக்காதீங்க! காட்டினா எல்லாம் போச்சுங்க!" என்று கத்தினேன்.

"ஏனுங்க, ஊருக்குக் காட்டாம ஒளிச்சு வெக்கவா செஞ்சோம்?" என்றார் வந்திருந்தவர்களில் ஒருவர்.

நான் மூச்சிரைக்க விதியைச் சொன்னேன். மச்சானுக்கு ரோஷம். வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதா என்று திகைத்தார். அதற்குள் அக்கா குனிந்து, வேட்டிக்கு அடியில் கைவிட்டுச் சக்கரத்தைக் கழற்றி, முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"காப்பி குடிச்சுட்டுப் போங்க. இன்னொரு நாளைக்குக் காட்டறோமுங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அன்றே எழுத உட்கார்ந்தோம். கருவியின் விவரம், படம், அதில் எது தன்னுடையது என்று கோரும் பகுதி எல்லாம் எழுதியாயிற்று. கடைசியில் உறுதிமொழி. 'நானே உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்' என்று படித்துக் காட்டினேன். மச்சான் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாப்ளை, சக்கரம் என்னுது. ஆனா நூலு பருமனுக்குத் தக்கன, சக்கரம் எத்தனை பல்லு நகரணும்னு நிறுத்தற முளையை இடம் மாத்திக் குத்தற யோசனை உங்க அக்காளுது. பொய்க் கையெழுத்து நான் போட மாட்டேன்."

 அக்காவின் முகம் சிவந்துவிட்டது. இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க விதியில் இடமிருந்தது. அவள் முதல்முறையாக ஒரு காகிதத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள்.

சில மாதங்களில் கல்கத்தாவிலிருந்து ஆட்சேபம் வந்தது: பல்சக்கரம் முன்பே தெரிந்த பொருள்; அதற்கு உரிமை கோர முடியாது. மச்சான் இடிந்துபோனார். நான் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். முளையைப் பற்றி அதில் ஓர் ஆட்சேபம்கூட இல்லை!

"மச்சான், சக்கரத்தை உட்டுடுங்க. முளைக்கு மட்டும் கேப்போம்!"

கோரிக்கையைச் சுருக்கித் திருத்தி அனுப்பினோம். ஏற்றுக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. மற்றவர்கள் எதிர்ப்புச் சொல்லக் கொடுத்த தவணை முடியும்வரை அக்கா தபால்காரரைக் கண்டாலே பயந்தாள். யாரும் எதிர்க்கவில்லை. முத்திரையிட்ட பத்திரம் வந்த அன்று மச்சான் அதை அவள் கையில் கொடுத்து, "உன் பேரு எங்க இருக்குதுன்னு பாரு," என்றார். ஆங்கில எழுத்து தெரியாத அக்கா என்னைத்தான் கூப்பிட்டாள். மூன்று முறை படிக்கச் சொன்னாள்.