ஒரு மணித்தியாலச் சட்டை

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் சட்டை தொங்குகிறது. வீதி திருத்துகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போடுகிற, இருட்டில் மினுங்குகிற கையில்லாத ரிஃப்ளெக்ஸ் சட்டை. முதுகுப் பக்கத்து வெள்ளிப் பட்டி இரண்டு இடத்தில் உரிந்துவிட்டது. வலது பொக்கற்றில் தையல் விட்டுப்போக, கையில் அகப்பட்ட நீல நூலால் இழுத்துத் தைத்திருக்கிறேன். ஒஸ்லோவில், அம்மருட் பகுதியில் இருக்கிற என் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் சப்பாத்தைக் கழற்றும்போதே அதைக் கண்டுவிட்டு, "உது என்னத்துக்கு இன்னும் தொங்குது, தூக்கி எறியன்" என்பார்கள். எறியமாட்டேன். அது என் அத்தான் போட்ட சட்டை. ஒரு கொண்டாட்டத்தைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு தீவுக்குக் குடிபோன விசரன் என்று எங்களுடைய ஆட்கள் இன்றைக்கும் சிரித்துக் கதைக்கிறார்களே, அந்த அத்தான்தான். சிரிக்கிறவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். மட்டக்களப்பில் வாவிக் கரையில் பிறந்தவர், நாங்கள் யாழ்ப்பாணம். அகதியாக நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஒரு தீவில் மீன் தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை செய்தார். பிறகு எல்லாரையும் போல ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார். எங்கட சனம், கோவில், தமிழ்ப் பள்ளிக்கூடம், கறித்தூள் விற்கிற கடை எல்லாம் இங்கேதானே இருந்தன. பஸ் ஓட்டப் பழகினார், அக்காவைக் கட்டினார், ரொம்மனில் வீடு எடுத்தார், ஒரு மகள் பிறந்தாள். வீட்டுக்கு வந்து திரும்பும்போது "பொயித்து வாறன்" என்பார். எங்கள் பக்கத்தில் "போட்டு வாறன்" என்போம். அவர் படியிறங்கினதும் யாராவது அவரைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டுவார்கள், இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு மன்றம் இருந்தது. இப்போது அது இல்லை, ஆகவே பெயரும் வேண்டாம். வருடா வருடம் தை மாதத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பொங்கல் விழா வைப்போம். நான் செயலாளர். யார் யாருக்கு என்ன வேலை என்கிற பட்டியலை ரைப் பண்ணுவது என் பொறுப்பு. முதல் வருடம், பஸ் ஓட்டுகிறவருக்குக் கார்களை ஒழுங்குபடுத்தத் தெரியும்தானே என்று, வாகனத் தரிப்பிடம் என்பதற்கு நேரே அத்தானின் பெயரைப் போட்டேன். இரண்டாம் வருடம் பழைய பட்டியலில் திகதியை மட்டும் மாற்றினேன். மூன்றாம் வருடமும் அப்படியே. உள்ளே மங்கள விளக்கு, வீணை, நாடகம், வடை, சுடச்சுடத் தேநீர். வெளியே பனியில் மைனஸ் பன்னிரண்டில் அத்தான் இந்த மஞ்சள் சட்டையோடு கையை வீசிக் கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டு நிற்பார். பிந்தி வருகிறவர்கள் கடைசிவரைக்கும் வருவார்கள், முந்திப் போகிறவர்கள் இடைவேளையிலேயே தொடங்கிவிடுவார்கள், ஆகவே அவர் உள்ளே வர நேரமே கிடைப்பதில்லை. எல்லாம் முடிந்தபின் ஆறிப்போன பொங்கலை ஒரு கடதாசிக் கோப்பையில் கொண்டுபோய்க் கொடுப்போம். நன்றியுரையில் தலைவர், "வெளியில் கடமையாற்றிய உறவுகளுக்கும்" என்று ஒரு வரி சேர்ப்பார். அந்த உறவு ஓர் ஆள்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஐந்தாம் வருடம் அவருடைய மகள் முதல்தரமாக மேடையில் ஆடினாள். எட்டு வயது. விழாவுக்கு இரண்டு நாள் முன் அத்தான் எனக்கு ரெலிபோன் எடுத்தார். "மச்சாள், புள்ள ஆடுற நேரம் ஒரு பத்து நிமிசம் ஆரையும் அனுப்பி உடுவீங்களா? பாத்துட்டு ஓடி வந்திருவன்" என்றார். ஓம் அத்தான், கட்டாயம் என்றேன். சத்தியமாக அனுப்ப நினைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு ஒலிவாங்கி வேலை செய்யவில்லை, பிரதம விருந்தாளி பிந்தினார், நான் மேடைக்கும் சமையலறைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தேன். பிள்ளை ஆடினாள். நான் முன்வரிசையில் நின்று படம் எடுத்தேன். அத்தானை மாற்ற ஆள் அனுப்பாதது கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால், அத்தான் ஒரு பெரிய வாகனத்தைப் பனிக்குவியலிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "முடிஞ்சிற்றா?" என்று கேட்டார். அவ்வளவுதான். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் மகள், "அப்பா, நான் திரும்பேக்குள்ள பிழைவிட்டனான், கண்டனீங்களோ?" என்று கேட்டாளாம். அக்கா சொல்லி அழுதாள். அத்தான் பஸ் ஓட்டுகிற மாதிரி நேரே பார்த்தபடி ஓட்டினாராம்.

அந்தக் கோடை விடுமுறைக்கு அக்காவையும் மகளையும் தான் முன்னர் வேலை செய்த தீவைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அப்போது கரையோரத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. வள்ளப் போட்டி, மீன் சூப், இசைக்குழு என்று மூன்று நாள். துறைமுகத்தில் ஒரு மேசை போட்டிருந்த கிழவி, மீன் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்தவள், அத்தானை அடையாளம் கண்டுகொண்டாள். கட்டிப்பிடித்துவிட்டு, அதே கையோடு ஒரு மஞ்சள் சட்டையை எடுத்து நீட்டினாளாம். ஃபெர்ரியிலிருந்து இறங்குகிற கார்களுக்கு வழிகாட்ட ஆள் வேண்டும். அக்காவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. "இஞ்சையுமோ? உங்கட நெத்தியில எழுதி ஒட்டியிருக்கோ?" என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்கிறாள். அத்தான் வழக்கம்போலச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். சரியாக ஒரு மணித்தியாலம் கழிய, உயரமான ஒருவர் வந்து கையை நீட்டினார். அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்தின் அதிபர். சட்டையைத் தா, உன் நேரம் முடிந்தது என்றார். பரவாயில்லை, நான் இன்னும் நிற்கிறேன் என்று அத்தான் சொல்ல, அதிபர் மணிக்கூட்டைக் காட்டி, இல்லை, நீ போய்ப் பாட்டுக் கேள் என்று ஏறக்குறையச் சட்டையைப் பறித்தேவிட்டாராம். அத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சநேரம் அங்கேயே நின்றார் என்று அக்கா சொன்னாள். பிறகு போய் மரவாங்கில் இருந்து, சூப் குடித்து, ஒரு கொண்டாட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தார். டுக்னாட் என்று நோர்வேக்காரர் சொல்கிற, ஊர்கூடிச் சம்பளமில்லாமல் செய்கிற வேலை ஒஸ்லோவிலும் உண்டு. வருடத்தில் இரண்டு தரம் குடியிருப்பு முற்றத்தை நாங்களும் கூட்டுகிறோம். ஆனால் எங்கள் விழாவுக்கு அந்த முறையைக் கொண்டுவர ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

திரும்பி வந்தவர் அந்தத் தீவின் கொம்மியூனில், அதுதான் உள்ளூராட்சியில், பஸ் ஓட்ட விண்ணப்பித்தார். வேலை கிடைத்தது. ரொம்மன் முதல் லில்லெஸ்ட்ரோம் வரை கதை பரவிவிட்டது. இருட்டுத் தீவு, தமிழ்ச் சனம் இல்லை, பிள்ளைக்குத் தமிழ் போய்விடும், நடனம் போய்விடும், உந்தாளுக்கு என்ன நடந்தது என்று ஆளுக்கு ஆள் ரெலிபோன். நானும் சண்டைக்குப் போனேன். "ஒரு கொண்டாட்டத்துக்காக ஆரும் ஊர் மாறுவினமே அத்தான்?" என்று கேட்டேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அதுக்காகத்தான் மச்சாள்" என்றார். "ஒரு ஊர் என்னை எந்த இடத்தில வச்சிரிக்கி எண்டு மத்த நாளில தெரியா. எல்லாரும் வேலையில நிப்பாங்க. கொண்டாட்டத்திலதான் தெரியும்." அக்கா சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டிகளை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போவதற்கு முந்திய பொங்கல் கூட்டத்தில் நான் பட்டியலை வாசித்தேன். வழக்கம்போல அவருடைய பெயரும் வந்தது. அத்தான் எழுந்து, மடித்து வைத்திருந்த சட்டையை மேசையில் வைத்தார். "இந்த முறை நான் உள்ளுக்கு இரிக்கப் போறன்" என்றார். தலைவர் திகைத்துப்போய், "அப்ப காருகளை ஆர் பாக்கிறது?" என்று கேட்டார். "கார் வச்சிரிக்கிறவங்க பாக்கட்டும்" என்றார் அத்தான். அந்த மேசையைச் சுற்றி இருந்த பதினொரு பேருக்கும் கார் இருந்தது. ஒருவரும் சட்டையைத் தொடவில்லை. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. நான் எடுத்தேன்.

விழா அன்று அத்தான் விருந்தினர் வரிசையில் கோட் போட்டு, கால்மேல் கால் போட்டு இருந்தாராம். ஒருவருக்கும் எழுப்பத் துணிவு வரவில்லையாம். நான் பார்க்கவில்லை, நான் வெளியில் நின்றேன். கதவு திறக்கும்போது ஒரு துண்டுப் பாட்டு வரும், மூடினால் ஒன்றும் இல்லை. சேலைக்கு மேல் தடித்த ஜக்கெற், அதற்கு மேல் சட்டை. விரல் விறைக்க, வலது பொக்கற்றுக்குள் கையை விட்டபோது ஒரு கடதாசி தட்டுப்பட்டது. முந்திய வருட நிகழ்ச்சி நிரல். மகளின் நடனத்தைப் பேனையால் வட்டமிட்டு, பக்கத்தில் நாலு மணி என்று எழுதியிருந்தார். அந்த நாலு மணிக்கு அவர் எத்தனை தரம் கதவைத் திரும்பிப் பார்த்திருப்பார் என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது. அழுதேன். இரண்டு பேர் காருக்குள் இருந்தபடியே எங்கே நிறுத்துவது என்று கேட்டார்கள். விழா முடியும்வரை என்னை மாற்ற ஒருவரும் வரவில்லை. சட்டையை அத்தானிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை, மன்றத்திடமும் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் தலைவர், டொக்டர், பொருளாளர் எல்லாருக்கும் வெளியில் ஆளுக்கொரு மணித்தியாலம் என்று பட்டியல் போட்டு மண்டபக் கதவிலேயே ஒட்டினேன். "படிச்ச மனுசரை ரோட்டில நிப்பாட்டுறதோ?" என்று கேட்டார்கள். அத்தான் படியாதவர் என்று யார் சொன்னது என்று கேட்டுவிட்டு விலகிவிட்டேன்.

தீவுக்கு நான் முதல்தரம் போனது அதற்குப் பிந்திய கோடையில். திருவிழா நாள். ஃபெர்ரியால் இறங்கி அக்காவைக் கட்டிப்பிடித்து முடிக்கவில்லை, அத்தான் ஒரு மஞ்சள் சட்டையோடு வந்தார். "ரெண்டிலிருந்து மூண்டு வரைக்கும் மச்சாள். இஞ்ச விருந்தாளிக்கும் வேலை இரிக்கி" என்று சிரித்தார். போட்டுக்கொண்டு நின்றேன். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்து சட்டையை வாங்கினார். "போங்க, புள்ள நாலு மணிக்கு ஆடுறாள். முன்னுக்கு இரிங்க." அப்போ உங்களை யார் மாற்றுவது என்றேன். "ஆள் வரும்."

மீன்பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் பலகை போட்ட மேடை. நானும் அக்காவும் முன்வாங்கில் இருந்தோம். எங்களுக்கு நடுவே ஓர் இடம் காலி. மகள் சலங்கை கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றாள். அவள் பார்த்ததும் அந்த இடத்தைத்தான். நாலுக்குப் பத்து. ஃபெர்ரி ஒன்று வந்து கூவியது, கார்கள் இறங்கப்போகின்றன. எழும்பி ஓடிப்போய் நானே மாற்றுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் என் சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். "இரடி. இது எங்கட மன்றமில்லை." நாலுக்கு இரண்டு நிமிடம் இருக்க அத்தான் வந்து நடுவில் இருந்தார். மேலே வெறும் சேர்ட்தான். மூச்சு வாங்கவில்லை, ஓடி வரவில்லை, நடந்துதான் வந்திருக்கிறார். "ஆர் மாத்தினது?" என்று கேட்டேன். "பாதிரியார்" என்றார். பாட்டுத் தொடங்கியது. ஆடி முடித்த மகள் கும்பிட்டுவிட்டு மேடையிலிருந்தே, "அப்பா, இந்தமுறை திரும்பினது சரியோ?" என்று தமிழில் கேட்டாள். "சரி கா" என்று அத்தான் தன் ஊர்ப் பேச்சில் சத்தமாகச் சொன்னார்.

அந்தப் பிள்ளை இப்போது பெரியவள். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒஸ்லோவில் எங்களுக்கு விழாக்கள் கூடிவிட்டன, மண்டபங்களும் பெரிதாகிவிட்டன, எனக்கு அழைப்பிதழும் வருகிறது. முன்வரிசையில் கதிரை இருக்கிறது, வாங்கோ அக்கா என்கிறார்கள். வெளியில் யார் நிற்கிறார்கள், எத்தனை மணிக்கு அவரை மாற்றுவீர்கள் என்று கேட்பேன். முன்வரிசைக் கதிரையைப் பற்றியே திரும்பவும் சொல்வார்கள். அப்படியான நாட்களில் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் இருக்கிற சட்டையை எடுத்துக்கொண்டுதான் போவேன்.