அண்ணன் கட்டிய அட்டை ஸ்டேஷன்

அண்ணன் காலமாகி இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை, ஒரு விஷயத்தைத் தவிர. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த பெரியவர்கள் நாலைந்து பேர், "செய்யாத தப்புக்குத் தண்டனை அனுபவிச்ச மனுஷன்" என்று சொல்லிக் கண் கலங்கினார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேசவில்லை. மதினியும் பேசவில்லை. பத்து வருடங்களாக அந்தப் பேச்சைக் கிளப்பி வளர்த்தவர்கள் நாங்கள் இருவரும்தான். அதைத் திருத்துவதற்காக இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தபோது மூன்று தடவை பேனாவை மூடி வைத்துவிட்டேன், அவ்வளவு பயம். மாதமும் கிழமையும் என் பழைய நாட்குறிப்புகளில் பார்த்துச் சரிசெய்தவை.

அண்ணன் 1944 தை மாதம் பூதப்பாண்டியில் பிறந்தார். அப்பாவுக்கு ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் தராசு பார்க்கும் வேலை கிடைத்ததால் 1953-ல் குடும்பம் திருவனந்தபுரம் வந்தது. நான் பிறந்தது அந்த வருடம்தான். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருடம் அப்பா தவறினார். அதே கடையில் பகலெல்லாம் மூட்டைகளுக்கு எண் போட்டுக்கொண்டே பரீட்சைகளுக்குப் படித்து, 1966-ல் அண்ணன் ரயில்வேயில் சேர்ந்தார். டிக்கெட் கொடுப்பவராகத் தொடங்கி உதவி ஸ்டேஷன் மாஸ்டர் ஆனார். சாலைக் கடைத்தெருவில் ஒரு அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் எனக்கு வேலை கிடைத்த அன்று, கூடவே வந்து மத்தியானம் வரை வாசலில் நின்றார். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அண்ணன் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. 1975-ல் மதினி வந்தார். பிறகு மகள் பிறந்தாள். நாங்கள் நால்வரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

1996 ஆடி மாதம், மூன்றாவது வியாழக்கிழமை. அண்ணன் அப்போது இருந்தது நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன நிலையம். பெயர் வேண்டாம். அங்கே மெயின் லைனை ஒட்டி ஒரு பக்க லைன் உண்டு. இரண்டும் சேரும் இடத்துக்கு முன்னால் நடுவில் ஒரு வெள்ளைக் கல் புதைத்திருப்பார்கள். பக்க லைனில் நிற்கும் வேகன்கள் அந்தக் கல்லுக்கு உள்ளே நிற்க வேண்டும். வெளியே நீட்டினால் மெயின் லைனில் வரும் வண்டி உரசிவிடும். அன்று சிமெண்ட் இறக்கிய ஐந்து வேகன்களை அங்கே நிறுத்தியவர், லைன் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலப்பன். கடைசி வேகன் கல்லைத் தாண்டி நின்றுவிட்டது. யார் எப்படி நிறுத்தியிருந்தாலும், வரும் வண்டிக்குச் சிக்னல் கொடுக்கும் முன் ஒரு தடவை பார்க்க வேண்டியவர் அண்ணன். நல்ல மழை. பாசஞ்சர் மெதுவாகத்தான் வந்தது. மூன்று பெட்டிகளின் பக்கவாட்டுத் தகரம் கிழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஜன்னலில் கை வைத்திருந்த ஒரு பெண்ணின் கை முறிந்தது. அந்தப் பெண் போட்ட சத்தத்தை அண்ணன் பிறகு ஒரே ஒரு தடவை எங்களிடம் விவரிக்க முயன்றார். முடியவில்லை.

அன்றே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் அண்ணன் சொன்னது இது: "அலுவலக வாசலில் நின்று பார்த்தேன். பார்சல் கிடங்கின் மூலை மறைத்ததால் கடைசி வேகன் தெரியவில்லை." அது நிற்குமானால் தவறு முழுவதும் வேலப்பன் தலையில். நின்றால்தான் அண்ணனுக்கு வேலை. நிற்காவிட்டால் முப்பது வருட வேலையும் போகும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டு பேரும் சஸ்பெண்ட் ஆனார்கள். விசாரணை ஐப்பசியில் என்று தெரிந்தது.

அந்த மூன்று மாதங்களும் வீடு வீடாக இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே மதினி அடுப்பை அணைத்துவிடுவார். அண்ணன் செருப்பை மாட்டினால் மதினி என்னைப் பார்ப்பார். நான் பத்தடி விட்டுப் பின்னாலேயே போவேன். எதற்கென்று நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. ப்ரீ டிகிரி படித்துக்கொண்டிருந்த மகள் வீட்டில் ரேடியோவைத் திருப்புவதையே விட்டுவிட்டாள்.

இதற்கு நடுவில், முன்பே போட்டிருந்த திட்டப்படி அந்தக் கிடங்கை இடித்து, தரையைப் பெயர்த்து, ஜல்லி பரப்பிவிட்டார்கள். இனி யாரும் போய் நின்று பார்க்க முடியாது. விபத்து நடந்த மூன்றாம் நாள் வரைபடத்துக்காக எடுத்த அளவுகள் மட்டும் அண்ணனிடம் இருந்தன. அன்று டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் வேலப்பன்.

"வரைபடத்தை எவன் உத்துப் பாப்பான்? ஸ்டேஷனையே கொண்டு போய் மேஜையில வைக்கணும்" என்றார் அண்ணன். "அட்டை வெட்டத்தான் வீட்டுல ஆளு இருக்கே."

பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். இரண்டரை அடி நீளத்தில் இரண்டு பலகைகள், நடுவில் கீல், மேலே கைப்பிடி. விரித்தால் நிலையம், மடக்கினால் பெட்டி. மடக்கும்போது இந்தப் பக்கத்துக் கட்டிடம் எதிர்ப்பக்கத்தில் இடிக்கக் கூடாது என்பதற்காகவே நாலு நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். தண்டவாளம் செம்புக் கம்பி, கட்டைகள் தீக்குச்சி, ஜல்லிக்குச் சலித்த பாறைப் பொடி. சுவர்களுக்கு எங்கள் பைண்டிங் அட்டை. கிடங்கின் தகரக் கூரைக்குப் பல்பு சுற்றி வரும் நெளி அட்டை. பசை எங்கள் அச்சகத்து வழக்கப்படி மயில்துத்தம் கலந்த மைதா. தென்னைகளுக்கு ஈர்க்குச்சி. வேகன்களை மரத்தில் செதுக்கிக் காவிச் சிவப்பு அடித்தார். பென்சில் கோடு அவர் போடுவார், கத்தி நான் பிடிப்பேன். கோட்டின் வெளி ஓரத்தில் வெட்டினேனா, உள் ஓரத்தில் வெட்டினேனா என்றுகூடக் கேட்பார். பயந்துபோன வீட்டில் அந்த ஒரு மேஜையைச் சுற்றி மட்டும்தான் கொஞ்சம் பேச்சு இருந்தது.

அலுவலக வாசல் இருந்த இடத்தில், அண்ணனின் கண் உயரத்துக்கு, பவுடர் டப்பாக் கண்ணாடியிலிருந்து வெட்டிய ஒரு சில்லைச் சாய்த்து ஒட்டினோம். மேலிருந்து அதற்குள் பார்த்தால், வாசலில் நிற்பவருக்கு என்ன தெரியுமோ அது தெரியும்.

புரட்டாசி இரண்டாம் ஞாயிறு காலையில் வேலை முடிந்தது. வேகன்களை வைப்பதற்கு வேலப்பனை வரச் சொல்லியிருந்தார் அண்ணன். அவர் வந்து மேஜையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நம்ம ஸ்டேஷன் ஒரு நாளும் இத்தனை சுத்தமா இருந்ததில்லை, சாரே. ரெண்டு நாயாவது படுத்துக் கிடக்கும்."

"நாயெல்லாம் விசாரணைக்கு வராது, வேலப்பா. நீ வேகனை வையி. எங்க விட்டியோ அங்கேயே வையி."

வேலப்பன் தயங்கவே இல்லை. ஐந்தாவது வேகனை வெள்ளைக் கல்லுக்கு வெளியே தள்ளி வைத்தார். "இங்கதான் சாரே. மழையில கல்லு சரியா தெரியலை. உள்ள போயாச்சுன்னு விசாரிச்சுட்டேன்." அந்த ஊர் வழக்கில் விசாரிப்பது என்றால் நினைப்பது. "நான் இதைத்தான் அவங்ககிட்டயும் சொல்லுவேன். என்னை வேலையிலேருந்து பிரிச்சு விட்டுருவாங்களா, சாரே?"

அண்ணன் குனிந்து கண்ணாடியில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வேலப்பனுக்கு மதினி காபி கொடுத்து அனுப்பிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"தெரியுதுட்டி" என்றார்.

நானும் பார்த்தேன். கிடங்கின் மூலைக்கு அப்பால், ஓர் அரிசி அகலத்துக்குச் சிவப்பு.

"நெளி அட்டை கொஞ்சம் உள்வாங்கியிருக்கும்ணா" என்றேன்.

"மூலைச் சுவருல்லா மறைக்கணும். கூரைக்கு இதுல என்ன வேலை?" அவர் குரல் அடங்கிப் போயிருந்தது. "நான் பாத்தேன். வாசல்ல நின்னது, மழை, கிடங்கு எல்லாம் கண்ணுக்குள்ள இருக்கு. ஆனா பாத்திருந்தா இந்தச் சிவப்பும் இருக்கணுமே. தெனமும் பாக்கது. தெனமும் பாத்ததை அன்னைக்கும் பாத்ததா மனசு எடுத்து வச்சிருக்கு."

"அது பொம்மைதானே" என்றார் மதினி வாசற்படியில் நின்றபடி. "பொம்மை சொல்லுததை எல்லாம் நம்புவியளா?"

"அளவு பொம்மை இல்லையே."

அடுத்த ஒன்பது நாட்களும் அண்ணன் தப்பைத் தேடினார், தன்னிடம் அல்ல, மாதிரியில். ஒவ்வொரு சுவரையும் அளந்தார். கண்ணாடிச் சில்லை மாற்றி ஒட்டினார். பலகை ஈரத்தில் வளைந்திருக்குமோ என்று நூல் பிடித்தார். எதிலும் பிசகில்லை. சாப்பாட்டில் பாதி இலையிலேயே இருந்தது. நடுவில் ஒரு நாள் என்னிடம், "சின்ன வயசுல இருந்து எனக்கு ஞாபகம் இருக்குன்னு நான் சொன்னதுல எத்தனை உண்மை இருக்கும்?" என்று கேட்டார். அவர் முகத்தில் அத்தனை பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பத்தாவது நாள் புதன்கிழமை. மத்தியானம் அண்ணன் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். நான் லீவு. ஈரத் துணியை வைத்துப் பசையை இளக்கி, கிடங்கைக் கால் அங்குலம் முன்னால் நகர்த்தி ஒட்டினேன். சிவப்பு மறைந்தது. பழைய இடத்தில் பாறைப் பொடி தூவி மூடினேன். இடித்துப்போன கிடங்கு. யார் போய் அளக்கப் போகிறார்கள்? வேலப்பன் முகம் நினைவில் வந்தது. வந்தும் கையை நிறுத்தவில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வழக்கம்போலக் குனிந்து பார்த்தார். பிறகு ஸ்கேலை எடுத்துக் கிடங்கிலிருந்து தண்டவாளம் வரை வைத்துப் பார்த்தார். நான் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி, ஒட்டும்போது கை தவறிருச்சா?"

"ஆமாண்ணா."

"சரி. துணியை நனைச்சுக் கொண்டா."

கை தவறவில்லை என்று அவருக்குத் தெரியும். மூலைமட்டம் பிசகாமல் ஒட்டியிருந்தேன். தவறிய கை அப்படி ஒட்டாது. இரண்டு பேருமாகப் பழைய இடத்தில் ஒட்டினோம். அவர் அதற்குப் பிறகு அளக்கவில்லை.

விசாரணைக்கு நானும் போனேன், பெட்டியைப் பிரித்து வைப்பதற்கு. மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் தமிழர். விரித்து வைத்ததும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. "தென்னை மரம் எல்லாம் வச்சிருக்கீங்களே" என்று எழுந்து வந்தார். நான் கதவோரமாக ஒதுங்கினேன்.

"நான் நின்ன இடம் இது, சார். மேலேருந்து இந்தக் கண்ணாடிக்குள்ள பாருங்க."

அவர் குனிந்தார். "கிடங்கு தெரியுது. அதை ஒட்டிச் சிவப்பா ஏதோ…"

"கடைசி வேகன், சார்."

"அப்போ தெரியுதே?"

"தெரியுது, சார்."

"மறைச்சதுன்னுல்ல எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"அது தப்பு, சார். பொய் சொல்லணும்னு எழுதலை. பாத்தேன்னுதான் நம்பினேன். இதைச் செஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது. நான் பாக்கலை, சார். பாத்திருந்தா வண்டியை விட்டிருக்க மாட்டேன்."

இடப்பக்கம் இருந்த அதிகாரி, "இது உங்களுக்கு எதிராத்தான் போகும். புரியுதா?" என்று கேட்டார். அண்ணன் தலையை ஆட்டினார்.

மாசியில் உத்தரவு வந்தது. வேலை போகவில்லை, ஒரு படி கீழே இறக்கிப் பாலக்காட்டுப் பக்கம் மாற்றினார்கள். வேலப்பனுக்கு எச்சரிக்கையோடு திரும்ப வேலை. அண்ணன் ஐந்து வருடம் அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். ஏன் இந்த மாற்றல் என்று கேட்ட உங்கள் எல்லோரிடமும் மதினியும் நானும், "கிடங்கு மறைச்சுது, கேக்கத்தான் ஆளில்லை" என்று சொன்னோம். அண்ணன் வீட்டில் இருக்கும்போது சொன்னதில்லை. பயம் போன பிறகும் அந்தப் பொய் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அட்டை ஸ்டேஷன் விசாரணை அலுவலகத்திலேயே நின்றுவிட்டது, திருப்பிக் கேட்கவில்லை.

2004 தையில் ஓய்வு பெற்றார். இழந்த படியை அதற்கு முன்பே திரும்பப் பெற்றிருந்தார். சென்ற வருடம் ஆனியில் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தது. ஏழு வாரம் படுக்கை. ஆவணி முதல் செவ்வாய் காலை, மகள் தலைமாட்டில் இருக்க, அமைதியாகப் போனார்.

அந்த ஏழு வாரமும் முறை வைத்து வந்து உட்கார்ந்தவர்களுக்கும், இரத்தம் கொடுத்த அச்சகத்துப் பிள்ளைகளுக்கும், பூதப்பாண்டியிலிருந்து பஸ் பிடித்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் வீடு கடமைப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் கூடவே நின்ற வேலப்பனுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் சேர்த்து. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்கு நானே வாசித்துக் காட்டினேன். புதன்கிழமை மத்தியானத்தையும் விடவில்லை. அவர், "அதுக்கென்ன, சேச்சி" என்றார்.

பிறகு மதினிக்கு வாசித்தேன். அவர் கேட்டுவிட்டு, "இப்படியே விட்டா தைரியமாப் போயிச் சொன்னாகன்னு நெனைப்பாங்க. பயந்ததையும் எழுதுட்டி" என்றார். விசாரணைக்குப் புறப்பட்ட காலையில் அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லையாம். மதினிதான் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டிருக்கிறார். மேலேயிருந்து மூன்றாவது பொத்தான் போடும்போது, "போகாண்டாம், காய்ச்சல்னு சொல்லிருவோம்" என்று சொன்னாராம். மதினி மீதிப் பொத்தான்களையும் போட்டு முடிக்கும் வரை அண்ணன் அசையாமல் நின்றாராம்.

— தங்கை