ஹாய்ட் நட்ட பைன்

டாயில் பார்ஃபீல்டு முப்பது வருடமாகத் தபால் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். ஃபுளோரிடாவின் அந்த வடமேற்கு மூலையில் பைன் மரம் என்றால் எல்லாருக்கும் வெறும் பைன்தான். டாயிலுக்கு மட்டும் இது நீள ஊசி இனம், அது ஸ்லாஷ் இனம் என்று பிரித்துப் பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது. அந்த வருடப் புயல் ஓய்ந்ததும், எந்த மரத்தை வெட்டுவது, எதை விடுவது என்று கேட்க ஊரே அவரைத்தான் கூப்பிட்டது. நீள ஊசிக்கு ஆணிவேர் ஆழம், கொஞ்சம் சாய்ந்தாலும் நிற்கும், விட்டுவைக்கலாம். ஸ்லாஷ் என்றால் வண்டு விழும், அடுத்த காற்றுக்கே சாயும், வெட்டிவிட வேண்டும்.

எழுபத்தெட்டு வயது இமோஜீன் சாப்பின் வீட்டு மரம் தலை முறிந்து, படுக்கையறைக் கூரைப் பக்கம் சாய்ந்து நின்றது. நட்டவர் அவளுடைய கணவர் ஹாய்ட், இரண்டு வருடத்துக்கு முன் காலமானவர். நட்ட மறுவருடத்திலிருந்தே புருஷன் பெண்டாட்டிக்குள் வழக்கு. நீள ஊசிதான் என்பார் அவர். "இல்ல, ஸ்லாஷ்தான். நீள ஊசின்னா நாலஞ்சு வருஷம் புல்லாட்டம் தரையிலேயே குந்தியிருக்கும். இது மறுவருஷமே என் இடுப்புக்கு வந்துடுச்சே" என்பாள் இவள். நாற்பது வருடம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

டாயில் மரத்தடியில் கிடந்த கொப்பை எடுத்துப் பார்த்தார். கொத்துக்கு மூன்று ஊசி, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு முழம். நீள ஊசியேதான், மரம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் அந்தச் சாலையில் தபால் போடும்போதுதான் அவருக்கு உறைத்தது. இமோஜீன் வீட்டுக்கு எதிர்ப்பக்கத் தோப்பில் நீள ஊசி மரங்கள் கிளையில்லாமல் மொட்டையாக நின்றன. காற்று அடித்ததும் அங்கிருந்து இந்தப் பக்கம்தான்; நேற்றுப் பார்த்த கொப்பு அங்கிருந்து பறந்து வந்ததாக இருக்கும். தரையில் கிடந்ததை நம்பி ஒரு கிழவியை அந்த மரத்தடியில் தூங்க வைத்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது, அதைவிடப் பயம். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், மரத்தில் மிச்சமிருந்த ஒரே கிளையைப் பைனாகுலரில் பார்த்தார். நீள ஊசியின் நுனி மொட்டு வெள்ளையாக இருக்கும். இது பழுப்பு. ஊசிகளும் குட்டை, கொத்துக்கு இரண்டும் மூன்றுமாகக் கலந்து. ஸ்லாஷ்.

"இமோஜீன் அம்மா, தப்பு என்மேல. நேத்து நான் பார்த்தது எதிர்த்தோப்புக் கொப்பு. இது ஸ்லாஷ். இன்னிக்கே வெட்டிடணும், அதுவரைக்கும் அந்த ரூம்ல படுக்காதீங்க."

அவள் நேற்றுச் சாயங்காலம் தேவாலயத்தில் ஹாய்டின் கல்லறைக்குப் போனதாகச் சொன்னாள். ஹாய்ட் சொன்னதுதான் சரி, தான்தான் தப்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டு வந்தாளாம். டாயிலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வேண்டுமானால் தானே கல்லறைக்கு வந்து நடந்ததைச் சொல்லிவிடுவதாக முணுமுணுத்தார்.

"நீ ஒண்ணும் வர வேண்டாம். மரத்தை வெட்டச் சொல்லு. நான் சொன்னதை மாத்திச் சொல்லப் போறதில்ல. நாப்பது வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட ஜெயிச்சது இந்த ஒரு தடவைதான்."