ஞானமணி அறுத்த கயிறு

தறியில் உட்கார்ந்திருந்தபோது என் மகன் கவின் கைபேசியை நீட்டினான். அவன் முகமே சரியில்லை. "ஞானமணி அங்கிள் செத்துட்டாருப்பா" என்றான். திருப்புட்குழி அருகே நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்த ஒருவரைத் தூக்கி ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தாராம். பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளிவிட்டது. ஏற்றப்பட்டவர் பிழைத்துக்கொண்டார், ஏற்றியவர் போய்விட்டார்.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு, ஐந்து வருடம் முன்பு அவர் என்னை அடித்துப் பல்லை உடைத்த கதை தெரியும். அதை ஊர் முழுக்கப் பரப்பியவன் நான்தான். அதில் பாதியைத்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், நான் பட்டு நெசவாளி. எங்கள் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்ததால் வாசலில் நின்று பேசிப் பேசிச் சிநேகிதம் ஆனோம். கடற்கரையோரமாகவே மூன்று நாள் நடக்கலாம் என்பது அவருடைய யோசனை. கடப்பாக்கத்தில் தொடங்கி மரக்காணம் வரை. அவர் மகள் ஜெனிக்கு ஆறு வயது, கவினுக்கு ஏழு, என் மகள் மித்ராவுக்கு ஐந்து. "இந்த வயசுல நடந்தா காலு மறக்காதுபா" என்றார். காலையில் நடப்பது, வெயில் ஏறியதும் சவுக்குத் தோப்பில் ஒதுங்குவது, மாலையில் மீண்டும் நடப்பது என்று திட்டம்.

கயிறு மட்டும் என்னுடைய யோசனை. எங்கள் தெருவில் விடியற்காலையில் நெசவுக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, இருபுறமும் நின்று இழைகளைச் சரிசெய்வோம். தொய்ந்தால் இழுக்க வேண்டும், என்ன ஆனாலும் பிடித்த கையை விடக்கூடாது. சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கம். அதே மாதிரி மூன்று பிள்ளைகளின் இடுப்பிலும் கயிறு கட்டி, முனையை என் கையில் சுற்றிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு ரயில் விளையாட்டு. ஞானமணிக்குப் பிடிக்கவில்லை. "மணல்ல சரி. தண்ணி வந்தா அவுத்துடு. ஒண்ணு விழுந்தா மூணும் விழும்." நான் சிரித்தேன். "இழை அறாம புடிக்கிறவன்கிட்டயே சொல்றியா?" என்றேன். வாய்க் கொழுப்பு, வேறென்ன.

இரண்டாம் நாள், உப்பங்கழி கடலில் கலக்கும் இடத்தைக் கடக்க வேண்டியிருந்தது. ஆழம் பார்க்க ஞானமணி முன்னால் போனார். "நான் கை காட்டுற வரைக்கும் இறங்காத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். முழங்கால் தண்ணீர்தானே என்று நான் இறங்கினேன், கயிற்றை அவிழ்க்காமலே.

பாதி தூரத்தில் காலடி மணல் கரைந்தது. மித்ரா விழுந்தாள். அவள் பாரம் ஜெனியை இழுத்தது, ஜெனி கவினை இழுத்தாள். தண்ணீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் காலை ஊன்றி, பலம் கொண்ட மட்டும் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். கயிறு விறைத்தது. விறைத்த கயிறு மூன்று பேரையும் நீரோட்டத்துக்கு எதிரே நிறுத்தி, தலைக்கு மேல் தண்ணீர் ஏற வைத்தது. என் பிள்ளைகளை நானே முக்கிக்கொண்டிருந்தேன்.

"உடு! கயித்த உடுடா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். எனக்குக் காது கேட்டது, கை கேட்கவில்லை. வந்த வேகத்தில் என் வாயில் ஒரு குத்து விட்டார். பல் உடைந்தது, கயிறு நழுவியது. சீட் பெல்ட் அறுக்க எப்போதும் இடுப்பில் வைத்திருக்கும் கத்தியால் மித்ராவின் கயிற்றை அறுத்து அவளை என் மேல் எறிந்தார். கவினின் கயிற்றை அறுத்து, முடியைப் பிடித்துக் கரைப்பக்கம் தள்ளினார். அதற்குள் ஜெனி அலை உடையும் இடத்துக்குப் போய்விட்டாள். அவர் பாய்ந்தார். அலை இருவரையும் புரட்டி அடித்தது. அவள் கையைப் பிடித்து அவர் முறுக்கி இழுத்தபோது முழங்கை உடைந்த சத்தம் அவருக்குக் கேட்டதாம். விடவில்லை.

கரைக்கு வந்ததும் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. பிள்ளைகள் முன்னால் அடி வாங்கிய ஆத்திரத்தில் அவர் மேல் விழுந்து, மண்டையிலும் முதுகிலும் மாறி மாறிக் குத்தினேன். அவர் கையை ஓங்கவில்லை. மடியில் ஜெனி துடித்துக்கொண்டிருந்தாள். "அடிச்சிக்கோ. முடிச்சிட்டு புள்ளைங்களுக்குத் துணி மாத்து, நடுங்குதுங்க" என்றார்.

நடை அங்கேயே முடிந்தது. ஊர் திரும்பியதும் உடைந்த பல்லுக்குக் காரணம் கேட்டார்கள். "ஞானமணி அடிச்சிட்டான்" என்றேன். கயிற்றைச் சொல்லவில்லை. "அவன் சாதிக்கு நம்ம மேல கை ஓங்குற அளவுக்கு ஆயிடுச்சா?" என்று தெருவில் பேச்சு கிளம்பியது. கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். யாரோ அவரிடமே கேட்டபோது, "ஆமா அடிச்சேன். மறுபடியும் அப்பிடி நின்னா மறுபடியும் அடிப்பேன்" என்றாராம். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. என்னைக் காட்டிக் கொடுக்க அவருக்கு ஒரு வாக்கியம் போதும், ஐந்து வருடமும் அதை அவர் சொல்லவே இல்லை. பள்ளி வாசலில் பார்த்தால் தலையசைப்பார். நான் குனிந்து செருப்பைப் பார்ப்பேன்.

கல்லறைத் தோட்டத்தில் நான் பின்வரிசையில் நின்றேன். ஜெனி என்னைத் தேடி வந்தாள். அந்தக் கை இன்னும் முழுசாக நீளாது. "அங்கிள், அப்பாவ ரவுடின்னு சொல்றாங்க, இங்கயே சொல்றாங்க. நீங்க சொல்லுங்க" என்றாள்.

மண் போடுவதற்கு முன் சொன்னேன். சத்தமாக, கயிற்றிலிருந்து தொடங்கி, கரையில் நான் அடித்தது வரை எல்லாவற்றையும். கவினும் மித்ராவும் பக்கத்தில் நின்று கேட்டார்கள். கவின் என் கையை உதறிவிட்டு ஜெனியிடம் போய் நின்றான்.

பல் மருத்துவர் பலமுறை சொல்லிவிட்டார், அந்த இடத்தில் புதுப் பல் கட்டிவிடலாம் என்று. வேண்டாம். ஞானமணி எனக்கு விட்டுப்போனது அந்த ஓட்டைதான். இனி யார் கேட்டாலும் முழுசாகச் சொல்வேன்.