கொடியேறியிருக்கும்போது கொண்டுபோன விளைமீன்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். சாதாரண தரச் சோதனையில் தமிழ் பாஸானதே முன் மேசைக்காரனின் புண்ணியம். ஆனால் ஊரில் ஆளுக்கொரு விதமாக இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கேலி செய்வது என் தொழில். அதை மற்றவனுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மயிலிட்டித் துறையில் படகு கரை சேர்ந்ததும் என்ன மீன் வந்திருக்கிறது என்று கடலில்லாத இணுவிலில் இருக்கிறவருக்கு போனில் தெரியவேண்டும். அவர் அங்கிருந்தே சொல்லிவைக்க, நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். இதுதான் என் ஆப். யோசனை என்னுடையது, மீன், படகில் கடலுக்குப் போகிற என் கூட்டாளியுடையது. ஆப் செய்யத்தான் இருவருக்கும் தெரியாது.

வெளிநாட்டுக் கம்பனியொன்றில் வேலை செய்யும் எங்கள் ஊர் அண்ணை ஒருவர் தொழில் தொடங்குகிற பெடியளுக்குச் சும்மா ஆலோசனை சொல்வார். அவரை வீடியோவில் பிடித்தேன்.

“யோசனை நல்லம் தம்பி. ஆர் கோட் எழுதுறது?”

“அதுக்குத்தானே அண்ணை உங்களைப் பிடிச்சனான்.”

“நான் வழிதான் சொல்லுவன். கூலிக்கு ஆள் பிடிக்காதை, பாதியிலை விட்டிட்டு ஓடுவான். பங்கு குடுத்துச் சேர். மாசக் கடைசிக்குள்ளை ஓடுற ஆப்பைக் காட்டினா, முதல் போடுற ஆக்களோடை கதைக்கிறன். இல்லாட்டி அடுத்த ஆளைப் பாப்பன், கோவிக்காதை.”

தேடினேன். ஒருவன் கனடா விசாவுக்குக் காத்திருந்தான். இன்னொருவன் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “நீங்கள் என்ன படிச்சனீங்கள் அண்ணை?” என்றான். “மனுசரைப் படிச்சனான்” என்றேன். பிறகு அவன் போன் எடுக்கவேயில்லை.

கடைசியில் இணுவிலில் ஒரு கெட்டிக்காரன் அகப்பட்டான். கம்பஸ் படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். பங்குக்குச் சம்மதித்து, வீட்டிலிருந்தே எழுதத் தொடங்கினான். கொஞ்ச நாளிலேயே போன் திரையில் பாரை மீனும் சூடை மீனும் வரிசையாக நின்றன. தொட்டால் வாங்கக்கூடியதாகச் செய்யவேண்டியதுதான் பாக்கி.

எங்கள் பக்கத்தில் படகுக்குப் புது ஆள் சேர்ந்தால் அன்று வலையில் பட்டதில் நல்ல மீன் அவன் வீட்டுக்குப் போகும். பங்காளிக்கு அந்த மரியாதையைச் செய்யவேண்டாமா? முழ நீள விளைமீனைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு இணுவிலுக்குப் போனேன். ஒழுங்கை முழுக்கத் தோரணம், ஸ்பீக்கரில் நாதஸ்வரம். எனக்குத்தான் வரவேற்பு என்று எனக்கே பகிடி விட்டுக்கொண்டு படலையைத் தட்டினேன்.

நெற்றி நிறையத் திருநீற்றோடு அவனுடைய அம்மா வந்தார்.

“பங்காளி வீட்டுக்கு முதல் மீன், அம்மா” என்று பையைத் திறந்து காட்டினேன்.

“ஐயோ தம்பி! முருகன் கோயில்லை கொடி ஏறி நிக்குது. வீடு முழுக்க விரதம். முதல்லை உந்த மீனை அங்காலை கொண்டு போ!”

வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். “மீனைத்தானே அம்மா போகச் சொல்லுறியள், என்னையில்லையே?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பின்னால் வந்து நின்ற மகன் பக்கம் திரும்பினார். “ஒரு கடைக்காரருக்கு வேலை செய்யிறன் எண்டு சொன்னது உந்த மீன் வேலையைத்தானே? விரதம் இருந்துகொண்டு நாள் முழுக்க மீன் படம் பாத்தனியோ?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. “திருவிழா முடியட்டும் அண்ணை” என்றான்.

“அதுக்குப் பிறகு மாசம் முடிய ரெண்டு நாள்தான் இருக்கும் ராசா.”

“என்ன செய்யிறது அண்ணை.”

கொடி இறங்கிய அடுத்த நாள் அவனிடமிருந்து செய்தி வந்தது. கொழும்பில் வேலை கிடைத்துவிட்டதாம். அதற்குத்தான் அம்மா விரதம் இருந்தாராம். முருகனும் ஆள் பிடிப்பதில் என்னை வென்றுவிட்டார்.

மாசக் கடைசியில், அரைகுறையாக இருந்த ஆப்பை வெளிநாட்டு அண்ணைக்குக் காட்டினேன்.

“தம்பி, மீனைத் தொட்டா ஒண்டும் நடக்கேல்லையே?”

“செத்த மீன்தானே அண்ணை.”

“ஆள் கிடைச்சாப் பிறகு கூப்பிடு” என்று போனை வைத்தார். கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். ஆப் எழுதத் தெரிந்தவன் எவனும் இங்கே தங்குவதாக இல்லை.

இறங்குதுறையில் போய் இருந்து கூட்டாளிக்குச் செய்தி அனுப்பினேன்: “கோட் எழுதுறவனும் போயிட்டான், அண்ணையும் கை விட்டிட்டார். இனி ஆளுக்கு எங்கை போறது மச்சான்?”

பதில் உடனே வந்தது.

“நாளைக்கு என்ரை படகுக்கும் ஒரு ஆள் குறையுது, வாறியே?”