இடம் காட்டத் தெரியாத ஆள்

நாச்சிமுத்துவுக்கு மனை பார்ப்பது பெண் பார்ப்பதைவிடப் பெரும் பாடாகப் போய்விட்டது. சௌந்திரத்தைப் பார்த்த அன்றே சரியென்று தலையாட்டிய மனுஷன், சேலத்தைச் சுற்றிப் புதிதாகக் கிளம்பியிருக்கும் நகர்களில் பதினொன்றைப் பார்த்துவிட்டுப் பதினொன்றுக்கும் நொட்டை சொன்னான். இங்கே ரோடு குறுகல், அங்கே பஸ் இல்லை, இன்னொன்றில் காற்றே வரவில்லை. பைக்கை ஸ்டாண்டு போடுவதற்குள் கிளம்பலாம் என்பான். நின்ற இடத்தில் நிற்க அவனுக்கு என்ன கேடோ!

இருபத்திரண்டு வருஷம் போர்வெல் போடும் ரிக் லாரியில் ஓடின கால் அது. திருச்செங்கோட்டில் ஏறினால் ஆந்திரா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று பத்து மாதம் போர் போட்டுவிட்டு, மழைக்காலத்துக்கு மட்டும் அம்மாபேட்டை வாடகை வீட்டுக்கு வருவான். வந்த நாலாம் நாளே, வண்டி எப்போது கிளம்பும் என்று ஓனருக்குப் போன் அடிப்பான். இப்போது அந்த வீட்டையும் தை மாதத்துக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சௌந்திரத்துக்கு அது ஆறாவது வாடகை வீடு. மகள் அகல்யாவை இழுத்துக்கொண்டு ஏழாவது வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். சொந்த மனை, அதில் ஒரு வீடு, அந்த வீட்டில் வருஷம் முழுக்கப் புருஷன். அவள் கேட்டது இவ்வளவுதான். முதல் இரண்டுக்கும் சரியென்றவன் மூன்றாவதுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் பன்னிரண்டாவதை அவளே பிடித்தாள். நாமக்கல் ரோட்டில் மல்லூர் தாண்டி, நாற்பது வீடு வந்துவிட்ட நகர். ஸ்கூல் வேன் உள்ளே வரை வந்தது, மளிகைக் கடை இருந்தது, சாயந்திரம் பெண்கள் வாசலில் நின்று ஊர்க்கதை பேசினார்கள். அவன் முனகிக்கொண்டேதான் வந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான்.

அதன் பிறகு புதிதாக ஒன்று ஆரம்பித்தான். முதலில் போர், தண்ணீர் வந்தால்தான் அஸ்திவாரம் என்றான். மனைக்குப் பக்கத்து வீட்டுக் கண்ணுசாமி, நீரோட்டம் பார்க்கிற சுப்பையனைக் கூப்பிடலாமே, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தே இடம் சொல்லிவிடுவார் என்றார். நாச்சிமுத்துவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாலாயிரம் போர் போட்டவனுக்குத் தேங்காய்க்காரன் வந்து இடம் சொல்வதா?

சொல்லத்தான் வேண்டும். அந்த நாலாயிரத்தில் ஒன்றுக்குக்கூட அவன் இடம் பார்த்ததில்லையே! எந்த ஊரானாலும் நிலத்துக்காரன் ஒரு கல்லை வைத்துக் காட்டுவான், வண்டிக்காரன் அங்கே துளை போடுவான். கல் வைத்துப் பழக்கமில்லாத ஆள், போர் வண்டி வந்த அன்று காலையில் கையில் கல்லோடு தன் மனையை முக்கால் மணி நேரம் சுற்றினான். வைப்பான், எடுப்பான், நாலடி தள்ளி மறுபடி வைப்பான். வண்டியோடு வந்த பழைய கூட்டாளிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறின பிறகு வடகிழக்கு மூலையில் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டினான்.

ஆயிரம் அடி வரைக்கும் வெறும் புழுதி. சொட்டுத் தண்ணீர் இல்லை. வண்டிக்காரர்கள் ராடுகளைக் கழற்றி ஏற்றினார்கள். சௌந்திரம் அவன் முகத்தைத்தான் பார்த்தாள். மூக்குடைபட்டவன் முகத்தில் வருத்தம் இருக்க வேண்டாமா? விடுதலையானவன் மாதிரி அல்லவா இருந்தான்!

“இத வித்துப்போடலாம் புள்ள. ராசிபுரம் பக்கம் ஒண்ணு இருக்குதாமா.”

அவள், கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக அடக்கி வைத்திருந்ததைச் சத்தம் போடாமல் கேட்டாள்.

“தண்ணி லாரியில வந்துருமுங்க. நீங்க வருவீங்களா, அதச் சொல்லுங்க.”

அந்த நேரம் பார்த்து ஓனரிடமிருந்து போன். திங்கட்கிழமை ராய்ப்பூருக்கு வண்டி கிளம்புகிறதாம். சௌந்திரம், அவன் ஓரமாக எடுத்துப் போட்டிருந்த அதே கல்லைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டைப் பார்த்த பக்கத்தில் வைத்தாள்.

“வாசப்படி இங்கதானுங்க,” என்றாள்.

நாச்சிமுத்து கல்லைப் பார்த்தான். அதை இரண்டடி தள்ளி வைக்கத் தோன்றவில்லை. போனில் கத்திக்கொண்டிருந்த ஓனரிடம், “நானு வரலீங்க, வேற ஆளப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, கண்ணுசாமி வீட்டில் கடப்பாரை கேட்கப் போனான்.